சாண்ட்லரின் கல் ஆர்மரி: யார் கட்டினார்கள், ஏன் கல்லில் கட்டினார்கள், அங்கிருந்து எங்கே போனார்கள்?

கேள்வி இது: “ஓக்லஹோமாவில் பழைய ரூட் 66 சாலையில் சாண்ட்லர் என்ற சிற்றூரைக் கடந்தபோது கோட்டை போன்ற ஒரு மணற்கல் கட்டடத்தைப் பார்த்தேன். நேஷனல் கார்டு படையின் பழைய ஆர்மரி என்றார்கள். ஏறக்குறைய 3,000 பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு பெரிய ஆயுதசாலை எதற்கு? அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கோட்டையா? அங்கிருந்து யாராவது போருக்குப் போனார்களா?”

முதலில் கோட்டை விஷயத்தைத் தீர்த்துவிடலாம். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்துவிட்டது. சாண்ட்லர் ஊர் பிறந்ததே 1891இல்தான். சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியினரிடமிருந்து பெறப்பட்ட நிலத்தை அரசாங்கம் குடியேறிகளுக்குத் திறந்துவிட்ட ஆண்டு அது. 1897 மார்ச் 30 அன்று வந்த சூறாவளி ஊரை ஏறத்தாழ தரைமட்டமாக்கியது, மறுபடியும் கட்டினார்கள். நீங்கள் பார்த்த ஆர்மரி அதற்கும் ஒரு தலைமுறை பிந்தையது, 1935–37இல் எழுந்தது. அதை எழுப்பிய காரணம் எந்த எதிரியும் அல்ல, வேலையில்லாத் திண்டாட்டம். ஆனால் அங்கே கவாத்துப் பழகியவர்களின் டிவிஷன் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரும் படை), கட்டி முடித்த ஆறே ஆண்டுகளில் இத்தாலியின் சிசிலிக் கடற்கரையில் இறங்கியது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சுவர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க ஆர்மரிகளுக்குக் கோட்டைத் தோற்றம் வந்த கதை கிழக்குக் கடற்கரையில் தொடங்குகிறது. 1877இல் ரயில்வே தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் பல மாநிலங்களில் கலவரமாக வெடித்தது. ஆளுநர்கள் மாநிலப் படைகளை இறக்கினார்கள். பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பிறகு நகரங்களில் இருந்த வசதி படைத்தவர்களுக்குத் தொழிலாளர் கூட்டத்தைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கில் ஏழாம் ரெஜிமென்ட் ஆர்மரி 1880இல் திறக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கொத்தளங்களும் பல்வரிசைபோன்ற மதில்விளிம்புகளும் குறுகிய துப்பாக்கிச் சாளரங்களும் கொண்ட ஆர்மரிகள் நகரத்துக்கு நகரம் எழுந்தன. சொந்த ஊர்க் கூட்டமே வந்து முற்றுகையிட்டால் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டப்பட்டவை அவை.

சாண்ட்லர் அந்தக் குடும்பத்தின் கடைசிக் கிளை. அங்கே கொத்தளம் இல்லை, துப்பாக்கிச் சாளரம் இல்லை. பழைய கோட்டை வடிவத்தில் எஞ்சியிருப்பது கூரைக்கு மேலே எழும்பி நிற்கும் கைப்பிடிச் சுவரும், சுவரோடு ஒட்டிய தூண்களும், கனமான நுழைவாயிலும்தான். அவற்றையும் 1930களின் ஆர்ட் டெகோ பாணி தன் நேர்க்கோடுகளால் எளிமையாக்கிவிட்டது.

இனி, சிற்றூருக்கு ஆர்மரி எதற்கு என்ற கேள்வி. நேஷனல் கார்டு என்பது முழுநேர இராணுவம் அல்ல. மளிகைக் கடைக்காரர், விவசாயி, பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பையன் எல்லோரும் வாரத்தில் ஒரு மாலை சீருடை அணிந்து கவாத்துக்கு வருவார்கள். அமைதிக் காலத்தில் அது ஆளுநரின் படை. போர் வந்தால் ஜனாதிபதியின் படை. 1903இல் வந்த சட்டம் இந்த மாநிலப் படைகளுக்கு மத்திய அரசின் ஆயுதமும் பயிற்சித் தரமும் கிடைக்க வழிசெய்தது. 1916இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஆண்டுக்கு 48 கவாத்துகள், 15 நாள் களப் பயிற்சி என்று வரையறுத்து, கவாத்துக்கு ஊதியமும் தந்தது. 1930களில் சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு மாலைக் கவாத்துக்கு ஒரு டாலர் கிடைத்தது. சிறிய தொகையாகத் தெரியலாம். பருத்தி விலை வீழ்ந்து, மேற்குப் பகுதியில் மண்ணே புழுதியாகப் பறந்துகொண்டிருந்த ஓக்லஹோமாவில் அந்த டாலருக்காகவே படையில் சேர்ந்தவர்கள் ஏராளம்.

துப்பாக்கியையும் சீருடையையும் வாஷிங்டன் கொடுத்தது. அவற்றை வைக்கவும் பழகவும் வேண்டிய இடத்தை மாநிலமும் ஊரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1907இல்தான் மாநிலமான ஓக்லஹோமாவிடம் அதற்குப் பணம் இல்லை. ஆகவே பல ஊர்களில் கடைத்தெருவின் மாடி அறைகளையோ வேறு வாடகைக் கட்டடங்களையோ வைத்துப் படைப்பிரிவுகள் காலம் தள்ளின. பீரங்கிப் பிரிவுக்கு அது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். பீரங்கியை எங்கே நிறுத்துவது?

சாண்ட்லரில் இருந்தது பீரங்கிப் பிரிவுதான். 45ஆம் காலாட்படை டிவிஷனின் 160ஆம் பீரங்கி ரெஜிமென்டில், இரண்டாம் பட்டாலியனின் எஃப் பேட்டரி. பேட்டரி என்றால் சில பீரங்கிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் கொண்ட சிறு பிரிவு.

1935 மே மாதம் ரூஸ்வெல்ட் நிர்வாகம் டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைவாய்ப்பு அமைப்பைத் தொடங்கியது. 1943இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 85 லட்சம் பேருக்கு அது வேலை கொடுத்தது. பள்ளிக்கூடம், சாலை, பாலம், பூங்கா என்று எத்தனையோ பணிகள். அதற்குப் பணம் ஒதுக்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டம், வெடிபொருள், போர்க்கப்பல், படைத் தளவாடம் ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்று தடுத்திருந்தது. ஆனால் கட்டடத்துக்குத் தடை இல்லை. ஊருக்குப் பொதுக்கூடமாகவும் பயன்படும் ஆர்மரி அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டது.

அந்த வாய்ப்பை ஓக்லஹோமா அளவுக்கு இறுகப் பற்றிய மாநிலங்கள் குறைவு. மூன்றே ஆண்டுகளுக்குள் 50க்கும் மேற்பட்ட ஆர்மரிகளை அது கட்டி முடித்தது. இதற்குப் பின்னால் இரண்டு பெயர்கள் உண்டு. ஒருவர் பிரையன் நோலன், நேஷனல் கார்டு அதிகாரியாகவும் கட்டடக் கலைஞராகவும் இருந்தவர். பெரும்பாலான ஆர்மரிகளுக்கு மாதிரி வரைபடம் அவருடையது: ஒரு பிரிவுக்கு ஒரு அளவு, இரண்டு பிரிவுகளுக்கு ஒரு அளவு, பெரிய ஊர்களுக்கு இன்னும் பெரிது. மற்றவர் வில்லியம் கீ. ஓக்லஹோமா மாநிலத்துக்கான டபிள்யூ.பி.ஏ. நிர்வாகி இவர்தான். இதே வில்லியம் கீதான் 1940இல் 45ஆம் டிவிஷன் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டபோது அதன் தளபதியாக இருந்தார். வேலையில்லாதவர்களைக் கூட்டி ஆர்மரி கட்டிய அமைப்பை நடத்தியவரே, அந்த ஆர்மரிகளிலிருந்து புறப்பட்ட படைக்கும் தலைமை தாங்கினார். ஓக்லஹோமாவில் நிவாரணப் பணியும் படையும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

அப்படியானால் ஏன் கல்? உறுதிக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்தில் முதல் காரணம் கூலி. டபிள்யூ.பி.ஏ.வின் நோக்கம் பணத்தைச் சிமென்ட் ஆலைக்கும் இரும்பு ஆலைக்கும் அனுப்புவது அல்ல. உள்ளூர்க் குடும்பத்தின் கையில் சேர்ப்பது. நம் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிக்கு 60 பங்கு, பொருளுக்கு 40 பங்கு என்று விதி வைத்ததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். ஊருக்கு அருகிலேயே மணற்கல் கிடைக்கிறது. விலை அநேகமாக இல்லை. ஆனால் அதை உடைக்க, ஏற்ற, கொத்த, அடுக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும். தனியார் ஒப்பந்தக்காரருக்குக் கல்லின் குறை அதுதான். நிவாரணப் பணிக்கு அதுவே நிறை. ஆகவே நோலனின் ஒரே வரைபடம், மணற்கல் கிடைக்கும் ஊரில் மணற்கல்லாகவும், சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ஊரில் சுண்ணாம்புக்கல்லாகவும், நல்ல கல் இல்லாத ஊரில் செங்கல்லாகவும் உருவெடுத்தது.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் விவசாயக் கூலிகள். உளி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். தேர்ந்த கொத்தனார்கள் சிலர் இருந்து மற்றவர்களுக்கு வேலையிலேயே கற்றுக்கொடுத்தார்கள். அதனால்தான் அந்த வரிசையிலுள்ள ஆர்மரிகளின் வேலைப்பாடு ஊருக்கு ஊர் மாறுகிறது. சிலவற்றில் கற்கள் நேர்வரிசையாக ஓடுகின்றன. சிலவற்றில் பெரிதும் சிறிதுமாகக் கிடைத்த இடத்தில் பொருந்தி நிற்கின்றன. சாண்ட்லரில் பழுப்பும் மஞ்சளும் செம்மையும் கலந்த கற்கள், முகப்பைச் சொரசொரப்பாகவே விட்டுக் கொத்தப்பட்டவை. மணற்கல்லில் உள்ள இரும்புத் துரு கொடுக்கும் நிறங்கள் அவை. இயந்திரம் அறுத்த கல்லில் இந்த உயிர் கிடைக்காது.

உள்ளமைப்பைச் சொல்கிறேன். ஆயுதக் கிடங்கு என்பது ஆர்மரியில் ஒரு மூலை மட்டுமே. கட்டடத்தின் இதயம் கவாத்துக் கூடம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத நீண்ட மண்டபம். தூண் இல்லாமல் அவ்வளவு அகலத்துக்குக் கூரை போட அந்த ஆர்மரிகள் வளைந்த கூரை முறையைக் கையாண்டன. வில் போன்ற மேல் பகுதியைக் கீழே நாண் போன்ற ஓர் இழுவைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். மேல் வளைவு அழுத்தத்தை ஏற்கும், கீழ்ச் சட்டம் இழுவையை ஏற்கும். அதனால் வளைவு சுவரை வெளிப்பக்கம் தள்ளாது; பாரம் நேராகக் கீழே இறங்கும். நேராக இறங்கும் பாரத்தைத் தாங்குவதில் கல்லுக்கு நிகர் இல்லை. பக்கவாட்டில் தள்ளினால்தான் கற்சுவர் பிளக்கும். கூரைச் சட்டங்கள் வந்து அமரும் இடங்களில் சுவரைத் தடித்த ஒட்டுத்தூண்களாகப் பெருக்கியிருப்பார்கள். வெளியிலிருந்து அழகுக்காக வைத்தது போலத் தோன்றும் அந்தத் தூண்கள் உண்மையில் பாரம் சுமப்பவை. வளைந்த கூரை தெருவிலிருந்து தெரியாதபடி முன்சுவரை உயர்த்திவிட்டதால்தான் கட்டடம் தட்டையான உச்சியுள்ள கோட்டையாகக் கண்ணுக்குப் படுகிறது.

கூடத்தை ஒட்டி அலுவலகம், வகுப்பறை, பொருளறை, வண்டிக் கொட்டகை. பீரங்கிப் பிரிவுக்குக் கொட்டகை மிக முக்கியம். அந்தக் காலத்தில் நேஷனல் கார்டு வைத்திருந்தவை முதல் உலகப் போரில் புகழ்பெற்ற பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கிகள். குதிரைகள் இழுத்த அவற்றை 1930களில் லாரிகள் இழுக்கத் தொடங்கியிருந்தன. அகலமான கொட்டகைக் கதவுகள் அதற்காகத்தான். இந்த ஆர்மரிகள் பலவற்றில் உள்ளேயே நீண்டு குறுகிய துப்பாக்கிச் சுடும் தளமும் இருந்தது. மழையிலும் பனியிலும் குறி பழகலாம். அந்தத் தளம் பிற்காலத்தில் பெரிய தொல்லையாக மாறியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆயுத அறையைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த சுவரும் கனத்த கதவும் கொண்ட அந்தச் சிறு அறையைப் பார்க்கும்போது ஓக்லஹோமா வரலாறு அறிந்தவர்களுக்கு 1921 மே 31 இரவு நினைவுக்கு வராமல் போகாது. டல்ஸா நகரில் கறுப்பின மக்களின் குடியிருப்பான கிரீன்வுட் மீது வெள்ளைக் கும்பல் பாய்ந்த இரவு அது. அந்தக் கும்பலில் சில நூறு பேர் துப்பாக்கிகளைக் கைப்பற்ற நேஷனல் கார்டு ஆர்மரியை நோக்கி வந்தார்கள். மேஜர் ஜேம்ஸ் பெல் விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களோடு வாசலில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கதவு உடைந்திருந்தால் நடந்த கொடுமை இன்னும் பன்மடங்கு ஆகியிருக்கும். ஆனால் அதே நேஷனல் கார்டு மறுநாள், தாக்கப்பட்ட கறுப்பின மக்களையே பிடித்துக் காவலில் வைத்தது என்பதும் வரலாறு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நியாயமில்லை.

ஆளுநர்கள் அந்தப் படையை எதற்கெல்லாம் அழைத்தார்கள் என்பதற்கு 1931 நல்ல உதாரணம். ஆளுநர் வில்லியம் மர்ரி, ரெட் ஆற்றுப் பாலத் தகராறில் டெக்சாஸ் எல்லைக்குப் படையை அனுப்பினார். அடுத்த சில வாரங்களிலேயே எண்ணெய்க் கிணறுகளை மூடவும் படையை அனுப்பினார். ஒரு பீப்பாய் எண்ணெய் ஒரு டாலருக்கு விற்கும்வரை கிணறுகள் இயங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. விலையை உயர்த்தத் துப்பாக்கி ஏந்திய காவல்! சிற்றூர்ப் பையன்கள் எண்ணெய் வயலில் காவல் நின்ற காலம் போய், கடல் கடக்கும் காலம் விரைவிலேயே வந்தது.

1940 செப்டம்பர் 16. கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அதே நாளில் 45ஆம் டிவிஷன் மத்திய அரசின் பணிக்கு அழைக்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சி என்றுதான் சொன்னார்கள். மாநிலம் முழுவதும் பையன்கள் தங்கள் ஊர் ஆர்மரியில் வந்து பெயர் கொடுத்தார்கள். அங்கிருந்து ஃபோர்ட் சில் முகாம், பிறகு டெக்சாஸில் கேம்ப் பார்க்லி. ஒரு ஊரின் ஆர்மரியிலிருந்து ஒரு பேட்டரி போகிறது என்றால் ஒரே பள்ளியில் படித்தவர்கள், அண்ணன் தம்பிகள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து போகிறார்கள் என்று பொருள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள் என்பதால் கட்டுக்கோப்பு பலமாக இருக்கும். அந்தப் பிரிவு அடி வாங்கினால் இழவும் ஒரே ஊரில் விழும்.

டிவிஷனின் தோள் சின்னம் விசித்திரமான கதை. 1924 முதல் அவர்கள் அணிந்தது சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகா. தென்மேற்கின் பழங்குடியினர் நற்குறியாகக் கருதிய வடிவம். ஹிட்லர் அதே வடிவத்தைத் தன் கொடியாக்கியதும் அதை வைத்திருக்க முடியவில்லை. 1939இல் அதே சிவப்பு, மஞ்சள் நிறங்களில் தண்டர்பேர்ட் என்ற புராணப் பறவையைச் சின்னமாக ஏற்றார்கள். டிவிஷனில் பழங்குடி வீரர்கள் மிகுதி. நிலத்தை இழந்த மக்களின் பிள்ளைகள், 1924இல்தான் சட்டப்படி எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று ஏற்கப்பட்டவர்கள், அந்நாட்டின் சீருடையில் முன்வரிசையில் நின்றார்கள்.

கிரீக் இனத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் சில்டர்ஸ் அவர்களில் ஒருவர். சிலோக்கோ பழங்குடிப் பள்ளியில் படிக்கும்போது 1937இல் நேஷனல் கார்டில் சேர்ந்தவர். 1943 செப்டம்பர் 22 அன்று இத்தாலியில் ஒலிவெட்டோ அருகே கால் முறிந்த நிலையிலும் மேட்டில் ஊர்ந்து ஏறி, இயந்திரத் துப்பாக்கிக் குழிகளைத் தாக்கினார். ஒரு குழிக்குள் சிறு கற்களை எறிந்தார்; உள்ளிருந்தவர்கள் தலையைத் தூக்கியதும் ஒருவரைச் சுட்டார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. ஐந்து மாதம் கழித்து ஆன்ஸியோவில் அதே விருதைப் பெறும் செயலைச் செய்தார் அதே பள்ளியில் படித்த செரோக்கி இனத்து ஜாக் மாண்ட்கோமரி. 

டிவிஷனின் பாதையை வரிசையாகச் சொன்னால்: 1943 ஜூலை 10 சிசிலி, செப்டம்பரில் சலேர்னோ, 1944 தொடக்கத்தில் ஆன்ஸியோ, ஆகஸ்ட் 15 தென் பிரான்ஸ், பிறகு ஜெர்மனி. 511 நாள் போர்க்களம் என்பது அவர்கள் கணக்கு. சிசிலியில் இறங்கிய சில நாட்களிலேயே, ஜூலை 14 அன்று, பிஸ்காரி விமானத்தளம் அருகே 180ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள் சரணடைந்த இத்தாலிய, ஜெர்மன் வீரர்கள் 70க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். அது ஓக்லஹோமாவின் சொந்த ரெஜிமென்ட். அருங்காட்சியகங்கள் விருதுகளைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை, பேச வேண்டும்.

பீரங்கிக்காரர்களின் பெருமைக்குரிய நாள் என்றால் நான் சலேர்னோவைத்தான் சொல்வேன். 1943இல் செப்டம்பர் 13ஆம் தேதி மாலை. சேலே, கலோரே ஆறுகள் சந்திக்கும் இடத்தை நோக்கி ஜெர்மன் டாங்கிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் கடற்கரைக்கும் இடையே காலாட்படை அநேகமாக இல்லை. இருந்தவை 45ஆம் டிவிஷனின் 158, 189 ஆகிய இரண்டு பீரங்கிப் பட்டாலியன்கள். சமையல்காரர், ஓட்டுநர், எழுத்தர் என்று கிடைத்தவர்களைத் துப்பாக்கியோடு வரிசையில் நிறுத்திவிட்டு, பீரங்கிகள் நிற்காமல் முழங்கின. சில மணி நேரத்தில் 3,600க்கும் மேற்பட்ட குண்டுகள். தாக்குதல் ஆற்றைக் கடக்கவில்லை. சாண்ட்லரின் ரெஜிமென்ட் 1942 மறுசீரமைப்பில் பட்டாலியன்களாகப் பிரிந்துவிட்டது. அன்று ஆற்றங்கரையில் நின்றவை அதன் சகோதரப் பிரிவுகள். ஆனால் அவர்களும் இதே போன்ற ஊர்களின் கொட்டகைகளில் பழகிய ஆட்கள்தான். வாரம் ஒரு மாலை என்று ஒரே பீரங்கியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் கைபழகிய குழுவுக்குத்தான் அந்த வேகம் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் டிவிஷன் வெனாஃப்ரோ மலைகளில் சிக்கிக் கிடந்தது. அங்கிருந்து சில மைல் தொலைவில் உள்ள மிஞ்ஞானோவில்தான் 1944 பிப்ரவரி 24 அன்று மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்க இருந்த கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டுச் சக வீரர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. ஓக்லஹோமாக்காரர்கள் அதற்கு முன்பே அங்கிருந்து நகர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரே மலைத்தொடர், ஒரே போர்முனை. அதனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1945 ஏப்ரல் 29 அன்று 45ஆம் டிவிஷனின் 157ஆம் ரெஜிமென்ட் டாகாவ் வதைமுகாமுக்குள் நுழைந்தது. ரயில்பெட்டிகளில் அடுக்கிக் கிடந்த பிணங்களைக் கண்டு நிலைகுலைந்த சில வீரர்கள், சரணடைந்த எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் காவலர்களைச் சுட்டார்கள். அதிகாரிகள் தலையிட்டு நிறுத்தினார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் மறுபடியும் அதே ஆர்மரிகளில் கவாத்துக்கு நின்றார்கள். 1950 செப்டம்பர் 1 அன்று மறுபடியும் அழைப்பு. லூசியானாவில் கேம்ப் போல்க், ஜப்பானின் ஹொக்கைடோ தீவு, 1951 டிசம்பரில் கொரியா. கொரியப் போரில் முழு டிவிஷனாகச் சென்று போரிட்ட நேஷனல் கார்டு டிவிஷன்கள் இரண்டே இரண்டு. ஒன்று கலிஃபோர்னியாவின் 40, மற்றொன்று ஓக்லஹோமாவின் 45. பத்தாண்டுக்குள் இரண்டாம் முறை அதே வாசலில் வழியனுப்பு. 1968இல் டிவிஷன் கலைக்கப்பட்டு பிரிகேடாகச் சுருங்கியது. அந்த பிரிகேட் பின்னர் இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனது.

சாண்ட்லர் பிரிவு 1971இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய ஆர்மரி கவனிப்பாரற்றுக் கிடந்தது, கூரை ஒழுகியது, இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1990களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ‘ஓல்டு ஆர்மரி ரெஸ்டோரர்ஸ்’ என்ற குழு அமைத்து மெல்ல மெல்ல மீட்டெடுத்தார்கள். 2007இல் அதன் ஒரு பகுதி ரூட் 66 விளக்க மையமாகத் திறக்கப்பட்டது. கவாத்துக் கூடம் நிகழ்ச்சி அரங்காயிற்று. ஆர்மரிக்கு அது அந்நியமான வாழ்வு அல்ல. சிற்றூர்களின் ஆர்மரிகள் படை இருந்த காலத்திலேயே நடனத்துக்கும் கூடைப்பந்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் இடம் கொடுத்தவைதான்.

மற்ற ஊர்களில் இது இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சுடும் தளத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பல பத்தாண்டுகள் மூடிய அறைக்குள் ஈயக் குண்டுகளைச் சுட்டதில் ஈயத்தூள் மணலிலும் தரையிலும் காற்றுக் குழாய்களிலும் படிந்துவிட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. அதனால் படை விட்டுச்சென்ற ஆர்மரிகளை ஊர்களிடம் ஒப்படைக்கும் முன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஈயத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் அகற்ற வேண்டியிருந்தது. பழைய ஆர்மரியைப் பள்ளியாகவோ நூலகமாகவோ மாற்ற நினைக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான்.

இரண்டாவது ஆபத்து, நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பு. மணற்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும், பிறகு வெளிவிடும். கற்களுக்கு இடையிலுள்ள சாந்து கல்லைவிட மென்மையாக இருந்தால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேறும். தேய்ந்தால் சாந்துதான் தேயும், அதை மாற்றிவிடலாம். கெட்டியான சிமென்ட் பூசி இணைப்பை அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். ஓக்லஹோமாவின் குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். உயரழுத்தத் தண்ணீரால் கழுவுவதும், நீர்புகா வண்ணம் அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். எண்பது தொண்ணூறு ஆண்டு தாங்கிய சுவரை ஒரே கோடையில் செய்த ‘புதுப்பிப்பு’ கெடுத்துவிட முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறுபடியும் அந்த வழியாகப் போனால் வெளியில் நின்று சுவரின் மூலைகளைப் பாருங்கள். மூலைக் கற்கள் பெரிதாகவும் நேர்த்தியாகவும் இருக்கும். கைதேர்ந்த கொத்தனாருக்கு விட்ட வேலை அது. மூலைக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள பரப்பில்தான் பழகுநர்களின் கை தெரியும். கொட்டகைக் கதவுகளின் அகலத்தையும், ஒட்டுத்தூண்கள் உள்ளே கூரைச் சட்டங்களோடு சந்திக்கும் இடத்தையும் கவனியுங்கள். நேரம் இருந்தால் அதே திட்டத்தில் கட்டப்பட்ட பாணீ, ஓக்கீமா, கொனாவா ஊர்களின் ஆர்மரிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவற்றில் எது உள்ளூர்க் கல்லுக்கு ஏற்ப எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட, கதவு திறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெருவில் நின்றாலே போதும்.